பியானோவுக்குத் தோல் மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பழைய பியானோக்களைத் தாங்களே பழுதுபார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அண்ணா, தேவாலயப் பியானோவில் ஜாக் என்னும் சிறு நெம்பு வந்து தள்ளும் இடத்தில், கம்பியை அடிக்கும் சுத்தியல்களான ஹேமர்களின் அடிப்பகுதிக்குப் புதிய தோல் ஒட்டினேன். முழுவதும் பசை பூசித்தான் ஒட்டினேன். இருந்தும் ‘டக் டக்’ சத்தம் போகவில்லை.

முழுவதும் பூசியதுதான் காரணம், தம்பி. தோலுக்கு அடியில் ஃபெல்ட் என்னும் மெத்தென்ற கம்பளித் துண்டு ஒன்று இருக்கிறது. பசை ஊறினால் அது இறுகிக் கட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல மான் தோல் போட்டாலும் பயனில்லை. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் பசை வையுங்கள். நடுப்பகுதி ஒட்டாமல், ஃபெல்ட்டின் மேல் படிந்திருந்தால் போதும். இறுகிப்போன ஃபெல்ட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

தடிமனிலும் கவனம் வேண்டும். பழைய தோலின் தேய்ந்த நடுவை அளக்காதீர்கள். ஜாக் படாத ஓரத்தை அளந்து பாருங்கள். புதிய தோல் தடித்துவிட்டால், ஜாக் திரும்பத் தன் இடத்துக்குள் நுழைய முடியாமல் அடுத்த அடி விழாது. மெலிந்துவிட்டால், விரலால் அழுத்தும் விசை (கீ) சற்று இறங்கிய பிறகே ஹேமர் அசையும். 88 ஹேமர்களுக்கும் தோலை வெட்டிவைக்கும் முன் மூன்று நான்கில் ஒட்டி, வாசித்துப் பாருங்கள்.

தோலின் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்?

மெல்லிய இழை எழும்பிய பக்கம். அடித்துத் திரும்பும் ஹேமர் பிடிபட்டு நிற்கும் இடங்களில், அதாவது நிமிர்ந்த பியானோவில் கேட்சருக்கும், படுக்கைவாட்டில் அமைந்த கிராண்டில் பேக்செக்குக்கும், இது மிக முக்கியம். வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் ஹேமர் பிடிபடாமல் துள்ளும். ஒரே சுரம் இரண்டு முறை ஒலிக்கும்.

ஈப்போவில் கார் இருக்கைத் தோல் மலிவாகக் கிடைக்கிறது, ஐயா. போடலாமா?

வேண்டாம். அதன் மேல் வழவழப்பான பூச்சு இருக்கிறது.

துரை பங்களாவிலிருந்து வாங்கிய கிராண்ட் பியானோ எங்களுடையது. ஹேமர் தண்டின் அடியில் ஜாக் தள்ளும் தோல் உருளையான நக்கிள் கிறீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தயவுசெய்து தடவாதீர்கள், அக்கா. எண்ணெய் தோலில் ஊறித் தூசியைப் பிடிக்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் ஏறும். சிறிய பித்தளைத் தூரிகையால் தோலின் இழையை மெதுவாக எழுப்பிவிட்டு, டெஃப்லான் தூளைக் கொஞ்சமாகத் தேயுங்கள். நக்கிள் தட்டையாகியிருந்தால் தூள் உதவாது. நக்கிளையே மாற்ற வேண்டும். அப்போதும் பழையதன் விட்டத்தையே கேட்டு வாங்குங்கள்.