வாசகர் கேள்வி - பதில்: விசுவாசத்தில் வாழ்ந்த அம்மாவை நினைவுகூர

ரத்தப் புற்றுநோயில் அம்மாவை இழந்த வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அம்மா லுக்கேமியாவில் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. நினைவு ஆராதனையில் நான்தான் பேச வேண்டும். எழுத உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி நாள்களைத் தவிர வேறொன்றும் மனதில் வரவில்லை. என்ன செய்வது?

கடைசியாகப் பார்த்ததுதான் முதலில் கண்முன் வந்து நிற்கும். அதை விரட்ட வேண்டாம். ஒரு தாளில் எல்லாவற்றையும் கொட்டி எழுதி, அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பேச்சில் நோய்க்கு ஒரு பத்தி போதும். அம்மாவின் ஆயுளில் நோய் பிடித்துக்கொண்ட காலம் மிகச் சிறியது.

எழுதுவதற்கு முன் ஒரு வாரம் செய்தி சேகரியுங்கள். அம்மாவின் உடன்பிறந்தவர்கள், ஜெபக்கூட்டத் தோழிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என எல்லோரிடமும் பேசுங்கள். “அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் “ரொம்ப நல்லவங்க, ஜெபிக்கிறவங்க” என்றுதான் பதில் வரும், அதை வைத்து எதுவும் எழுத முடியாது. “கடைசியா எதுக்காக உங்களைத் திட்டினாங்க?”, “எந்தப் பாட்டை அவங்களே ஆரம்பிப்பாங்க?”, “யாருக்கும் தெரியாம யாருக்கு என்ன செஞ்சாங்க?” என்று கேளுங்கள். எழுதி முடித்ததும் ‘விசுவாசமுள்ள தாய்’ என்று வரும் இடங்களிலெல்லாம் நிறுத்தி, எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். ஜெபக் குறிப்பேட்டில் பெயர்களை வரிசையாக எழுதி, ஜெபம் கேட்கப்பட்டதும் அந்தப் பெயருக்கு எதிரே தேதி போடுகிறவராக அவர் இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். தேதி போடப்படாமலே இருந்த பெயர்களுக்காகவும் அவர் கடைசிவரை ஜெபித்தார் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்புறம் ‘விசுவாசம்’ என்ற சொல்லே தேவைப்படாது.

குறைகளைச் சொல்லலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அளவோடு சொல்லலாம். கி.பி. 387-இல் ஓஸ்தியா துறைமுக நகரில் காய்ச்சலில் இறந்த தன் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியபோது, சிறுமியாக இருந்த காலத்தில் அவருக்குத் திராட்சை மதுவைத் திருட்டுத்தனமாகக் குடிக்கும் பழக்கம் வந்ததையும் ஒரு வேலைக்காரி குத்திக்காட்டியதும் அதை விட்டதையும் ஆதித் திருச்சபைத் தந்தையான அகுஸ்தீனார் மறைக்கவில்லை. அதனால்தான் அந்தத் தாய் இன்றும் உயிருள்ள மனுஷியாகத் தெரிகிறார்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு 450 முதல் 500 சொற்கள் போதும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுப் பக்க எண் போடுங்கள். வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். குரல் எங்கே உடைகிறதோ அங்கே கோடு போட்டு வையுங்கள். மேடையிலும் பெரும்பாலும் அங்கேதான் உடையும். அந்த இடத்தில் நின்று மூச்சு விட்டுத் தொடரலாம். முடியாவிட்டால் தொடர்ந்து வாசிக்க, இன்னொரு பிரதியை முன்வரிசையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: “விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் உங்கள் அம்மாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதை மறக்க முடியவில்லை.

அது தவறு. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவனை உயிரோடு எழுப்பிய தீர்க்கதரிசி எலிசா, தானே வியாதியில் கிடந்துதான் இறந்தார் (2 இராஜாக்கள் 13:14). அவருக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. பவுல் மூன்று முறை வேண்டியும் அவர் ‘முள்’ என்று சொன்ன வேதனை எடுக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12). தீவிர லுக்கேமியாவில் சிகிச்சை பலிப்பது புற்றணுக்களின் மரபணு மாற்றங்களையும், நோயாளியின் வயதையும், கீமோவை உடல் தாங்குவதையும் பொறுத்தது. அம்மாவின் ஜெபத்தை அந்தக் கணக்கில் சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: முன்பே கண்டுபிடித்திருக்கலாமோ என்ற குற்ற உணர்வு போகவில்லை. எங்களுக்கும் வருமா?

தீவிர லுக்கேமியா சில வாரங்களில் முற்றக்கூடியது. சில மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருந்திருந்தால், அப்போது உண்மையிலேயே எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். களைப்பு, காய்ச்சல், ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல் எல்லாமே முதலில் வேறு சாதாரணக் காரணங்களைத்தான் நினைவூட்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிடம் இந்த நோயை முன்கூட்டியே தேடும் வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை. நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தாலோ, ஒருவருக்கு நீண்ட காலமாகத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) குறைவாக இருந்தாலோ மட்டும் ரத்தநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் வேதாகமத்தையும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளையும் எப்படிக் காப்பது?

முதலில் குரலைக் கவனியுங்கள். அதுதான் எளிதில் போய்விடும். நீண்ட நாள் பயன்படாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும். பொதுவாக 120 நாள். சிம்மைத் துண்டித்தால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம். எனவே எண்ணை ரத்து செய்வதற்கு முன், ஒவ்வொரு உரையாடலையும் மீடியாவுடன் ஏற்றுமதி செய்யுங்கள். மிகப் பழைய பதிவுகள் இதில் விடுபடலாம்; முக்கியமானவற்றைத் தனித்தனியாகச் சேமியுங்கள். குரல் பதிவுகள் ஓபஸ் (.opus) என்ற கோப்பு வடிவில் இருக்கும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எம்பி3-யில் ஒரு நகல் எடுங்கள். தேதியும் ஓரிரு சொல்லும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிட்டு, வெவ்வேறு வீடுகளில் இரண்டு நகல் வையுங்கள்.

வேதாகமத்தில் கிழிந்த இடங்களில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லாமினேஷனும் வேண்டாம். உள்ளே ரப்பர் பேண்ட், ஊசி, உலர்ந்த பூ இருந்தால் எடுத்துவிடுங்கள். பூ தாளைக் கறையாக்கும், ஊசி துருப்பிடிக்கும். ஆனால் எடுப்பதற்கு முன், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தெரியும்படி படம் பிடியுங்கள். அம்மா பூவை வைத்த வசனமும் ஒரு குறிப்புதான். ஓரக் குறிப்புகளை ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்தாக இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழட்டும். அழுத்தி எழுதிய தடம் தெரியும். தையல் விட்டிருந்தால் அகலமான பருத்தி நாடாவால் கட்டி, ஈரச் சுவரை ஒட்டாத இடத்தில் பெட்டிக்குள் படுக்கவைத்து வையுங்கள்.

கேள்வி: அம்மாவின் நினைவு நாளில் ரத்ததான முகாம் நடத்த நினைக்கிறோம். சரியா?

எண்ணம் நல்லது, ஆனால் ஒரே நாளில் கூட்டமாகக் கொடுப்பது லுக்கேமியா நோயாளிகளுக்கு அவ்வளவாக உதவாது. அவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது தட்டணு. இயல்பாக ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் இருக்க வேண்டியது, கீமோவின்போது 10,000-க்கும் கீழே இறங்கும். உடனே ஏற்ற வேண்டும். சிவப்பணுவைக் குளிரில் 42 நாள் வரை வைக்கலாம். தட்டணுவோ 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைத்தாலும் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். ஆகவே ரத்த வங்கியில் பேசி, உறவினர்களும் சபையாரும் ஆண்டு முழுவதும் முறைவைத்துத் தட்டணு கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் இயந்திரம் மூலம் கொடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்; அது தட்டணுவைச் செயலிழக்கச் செய்கிறது.

இளைஞர்களை, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களுக்கான கொடையாளர் பதிவேட்டில் சேர்க்கலாம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். உடன்பிறந்த ஒருவர் நோயாளியின் திசு வகையோடு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே 25 சதவீதம்தான் என்பதால் அந்நியர்களின் பதிவு பலருக்குக் கடைசி வழி. ஆனால் உணர்ச்சி வேகத்தில் யாரையும் சேர்க்காதீர்கள். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்காக நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்த பிறகு கொடையாளர் பின்வாங்கினால் அந்த உயிர் போய்விடும். வீட்டாரிடம் பேசி, அழைப்பு வந்தால் வருவேன் என்று உறுதியாகச் சொல்பவர்களின் பெயரை மட்டும் பதியுங்கள்.