அமெரிக்க செனட்டில் ஃபிலிபஸ்டர் என்பது என்ன? நீதிபதி நியமனத்தில் அது ஏன் இப்போது செல்லுபடியாவதில்லை?

விவாதத்தை முடியவிடாமல் இழுத்தடித்து வாக்கெடுப்பையே தடுக்கும் உத்திதான் ஃபிலிபஸ்டர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மைக்கை விடாமல் பேசிக்கொண்டே இருந்தால், பெரும்பான்மை இருந்தும் தீர்மானம் நிறைவேறாதல்லவா, அதைப் போன்றது. செனட்டில் பேச்சுக்குப் பொதுவான கால வரம்பு கிடையாது என்பதே இதற்கு அடிப்படை. விவாதத்தை முடித்துவைக்க 100 பேரில் 60 பேரின் ஆதரவு வேண்டும்.

அதிபர் பரிந்துரைத்து செனட் ஒப்புதல் தரும் கூட்டாட்சி நீதிபதிகள் ஆயுட்காலப் பதவி வகிப்பதால், ஒவ்வொரு நியமனமும் கட்சிகளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒபாமா பரிந்துரைத்தவர்களைக் குடியரசுக் கட்சியினர் தடுத்துவந்ததால், உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று 2013-இல் ஜனநாயகக் கட்சியினர் மாற்றினர். 2017-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்ட நீல் கோர்சச்சுக்காகக் குடியரசுக் கட்சியினர் அதை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டித்தனர் (யார் முதலில் தொடங்கியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை). அவர் 54-45 என்ற வாக்கில் தேர்வானார்.

ஃபிலிபஸ்டர் அரசியலமைப்பிலேயே உள்ளதாகப் பலர் எண்ணுகின்றனர். அது செனட்டின் உள்விதிகளால் விளைந்தது மட்டுமே, பெரும்பாலான மசோதாக்களுக்கு இன்றும் நீடிக்கிறது.