பாட்டம் மாற்றப் போகிறீர்களா? முதலில் போல்ட்டைத் தளர்த்துங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே உறுப்பைப் பற்றியவை. மோட்டார் சைக்கிளின் முன் அப்சாபரில், அதாவது ஃபோர்க்கில், குரோம் குழாய் ஏறி இறங்குமே, அந்த அலுமினிய உறை. பினாங்குக் கடைகளில் பாட்டம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சக்கர அச்சு, பிரேக் காலிப்பர், மட்கார்டு மூன்றும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்து மாற்றக்கூடிய வேலைதான். ஆனால் வரிசை தப்பினால் அரைநாள் வேலை மூன்று நாளாகும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, என்னுடையது காப்சாய், சின்ன மோட்டார். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, எண்ணெயையும் வடித்துவிட்டேன். அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத் திருப்பினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறை போய்விட்டதா?

மறை போகவில்லை தம்பி. அந்த போல்ட் பாட்டத்தில் முறுக்கப்பட்டதே இல்லை. பாட்டத்தின் அடித்துளை வழியாக நுழைந்து, உள்ளே நிற்கும் டேம்பர் ராடை, அதாவது ஃபோர்க்கின் ஆட்டத்தை அடக்கும் தண்டை, பிடிக்கிறது. ராடைச் சுற்றவிடாமல் அழுத்தி வைத்திருந்தது ஸ்பிரிங். அதை நீங்கள் முதலிலேயே எடுத்துவிட்டீர்கள். இனி போல்ட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும்.

ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு மூடியையும் மூடுங்கள். ஒருவர் ஃபோர்க்கைச் சுவரோடு அழுத்திச் சுருக்கிப் பிடிக்கட்டும். அந்த நிலையில் போல்ட்டை மெல்லத் திருகாமல் வெடுக்கென்று ஒரு தட்டுத் தட்டித் திருப்புங்கள். பேட்டரி இம்பேக்ட் கன் இருந்தால் ஒரே நொடி. அதற்கும் மசியாவிட்டால் மாப் கட்டையின் முனையைக் கூம்பாகச் சீவி, மேலிருந்து குழாய்க்குள் விட்டு ராடின் தலையில் இறுக்கி அடியுங்கள். மரம் ராடைக் கவ்விக்கொள்ளும், கீழே போல்ட் கழன்றுவரும். எங்கள் வீட்டு மாப் ஒரு சாண் குட்டையானது அப்படித்தான். வீட்டில் காரணம் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த முறை இந்தப் பாடு வேண்டாம். ஃபோர்க் மோட்டாரிலேயே இருக்கும்போது அடி போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். மேல் மூடியும் அப்படியே. குழாயின் மேல் முனையைக் கவ்விப் பிடிக்கும் மேல் க்ளாம்ப் இருக்கும் வண்டியில் முதலில் க்ளாம்ப் போல்ட்டை இளக்கிவிட்டுப் பிறகு மூடியில் கை வையுங்கள், இல்லையென்றால் க்ளாம்ப் மறையை நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சில சிறிய வண்டிகளில் திருகு மூடியே கிடையாது, வளையக் கிளிப்தான். எதுவானாலும் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிறது, முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். பூட்டும்போது அடி போல்ட்டின் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும், மறையில் நீலநிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு. இறுக்கம் பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் வண்டியின் கணக்கைச் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: தினமும் பினாங்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறேன். காற்றடித்தால் முன்பக்கம் ஆடுகிறது. பாட்டம் மாற்றும்போதே 10 டபிள்யூவுக்குப் பதில் 15 டபிள்யூ எண்ணெய் ஊற்றலாமா? எவ்வளவு ஊற்றுவது?

பதிமூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் பக்கவாட்டுக் காற்றுக்கு ஆடுவது ஃபோர்க் எண்ணெயின் குற்றமில்லை. டயர் காற்று, ஹேண்டில் பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் புஷ் (உள்வளையம்), இந்த மூன்றையும் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பேரிங் தேய்ந்திருப்பது கையிலேயே தெரியும்.

டபிள்யூ எண் கூடினால் எண்ணெய் தடிப்பு. தடித்த எண்ணெய் ஃபோர்க் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும். அடுத்தடுத்து மேடு வந்தால் ஒன்றில் அமுங்கிய ஃபோர்க் நிமிர்வதற்குள் இரண்டாவது வந்துவிடும். மணிக்கட்டு வலிக்கும். இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூவும் மற்றொன்றின் 10 டபிள்யூவும் ஒரே தடிப்பில் இருக்கும் என்று நம்பாதீர்கள். பாட்டிலின் பின்புறத்திலோ தயாரிப்புத் தாளிலோ 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு) என்று போட்டிருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அளவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சில புத்தகங்களில் இரண்டு அளவு இருக்கும், எண்ணெய் மட்டும் மாற்றினால் ஒன்று, முழுக்கப் பிரித்துப் பூட்டினால் ஒன்று. வடித்த ஃபோர்க்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டே இருக்கும், புதுப் பாட்டமோ எலும்பாகக் காய்ந்து கிடக்கும். ஆகவே இரண்டாவது அளவு. ஊற்றியபின் பத்துத் தடவை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்கச் சுருக்கி, செங்குத்தாக நிறுத்தி, குழாயின் வாயிலிருந்து எண்ணெய்ப் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று எஃகு அளவுகோலால் பாருங்கள். ஃபோர்க்கின் இரண்டு காலிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் கூடிவிட்டால் மருந்துக்கடைச் சிரிஞ்சில் ஒரு சிறு குழாய் மாட்டி உறிஞ்சி எடுத்துவிடலாம்.

‘கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே’ என்பவர்களுக்கு: எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று இன்னொரு ஸ்பிரிங். எண்ணெய் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், அமுங்கும் கடைசிப் பகுதியில் ஃபோர்க் கல்லாகும். மிஞ்சினால் சீல் வெளியே வரும்.

தெலுக் பகாங் வாசகர்: புதுப் பாட்டம், புது ஆயில் சீல் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் கசிகிறது. கடைக்காரர் போலிச் சாமான் கொடுத்துவிட்டாரா?

கடைக்காரரைத் திட்டுமுன் குரோம் குழாயைப் பாருங்கள் ஐயா. தெலுக் பகாங்கில் கடற்கரை ஓரம் மோட்டார் நிறுத்துகிறீர்கள், உப்புக்காற்று குரோமில் ஊசி முனை அளவுக்குப் பள்ளம் போடும். சீல் உட்காரும் இடத்திலிருந்து மேலே ஒரு சாண் தூரத்துக்கு நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் எத்தனை சீல் மாற்றினாலும் இதே கதைதான், அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். துரு மேலோட்டமாக இருந்தால் 2000 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துக் குறுக்காகத் தேய்க்கலாம். ஆழமென்றால் குழாயை மாற்ற வேண்டியதுதான்.

குழாய் சுத்தமென்றால் பூட்டியபோது சீல் கிழிந்திருக்கும். குழாயின் மேல் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் ஃபோர்க் எண்ணெய் தடவி, எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி சீலை இறக்குங்கள். அடித்து உட்காரவைக்க அதே அகல பிவிசி குழாய் போதும். ஸ்க்ரூடிரைவரால் சுற்றிச் சுற்றித் தட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கசிவு எங்கிருந்து என்று தெரியாவிட்டால் துடைத்துக் காயவைத்து, மேலே சீல் பக்கமும் அடியில் போல்ட் பக்கமும் முகப்பவுடர் பூசி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. அடியிலென்றால் பழைய செம்பு வாஷர். எண்ணெய் பிரேக் பேடில் பட்டிருந்தால் பேடைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிறை வாசகர்: அச்சை இறுக்கும் போல்ட்டின் மறை தேய்ந்துவிட்டது. காலிப்பரைப் பூட்டும் காது பக்கத்தில் மெல்லிய கீறல் மாதிரி ஒன்றும் தெரிகிறது. வெல்டிங் செய்து சமாளிக்கலாமா?

மறைக்கு மட்டுமென்றால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மறையைப் போட்டுச் சரிசெய்யலாம், நன்றாக நிற்கும், பாட்டத்தை மாற்ற அவசியமே இல்லை. கீறல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வார்ப்பு அலுமினியத்தை வெல்டிங் சூடு தொட்டால் சுற்றியுள்ள உலோகமே பலவீனமாகும். நீங்கள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காதுதான் அடி வாங்குகிறது. மாற்றுங்கள்.

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்க் வண்டியின் பாட்டமும் டிரம் வண்டியின் பாட்டமும் பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும், ஒன்றுக்கொன்று சேராது. இடது வலது வேறு. குழாய் நுழையும் துளை, அச்சுத் துளை, காலிப்பர் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், சீல் உட்காரும் ஆழம், நான்கையும் வெர்னியரில் பாருங்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுத்தால் அந்த வண்டி எதில் மோதி அங்கே வந்தது என்பதை மனதில் வைத்து, அச்சுத் துளை ஓரத்தையும் காதையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புஷ் இல்லாத சிறிய ஃபோர்க்கில் அலுமினியமே தேயும். எண்ணெய் இல்லாமல் குழாயைச் செருகி ஆட்டினால் லொடலொட என்று ஆடுகிறதா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது தவறில்லை, ஆனால் எண்ணெயையும் சீலையும் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

கோலாலம்பூர், செந்தூல்: என் மோட்டாரில் அப்சைடு டவுன் ஃபோர்க். இதே முறைதானா?

இல்லை. அதில் கீழே இருப்பதுதான் குரோம் குழாய், அச்சுப்பிடி அதன் நுனியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே கார்ட்ரிட்ஜ் (தனிக் கூடாக அமைந்த டேம்பர்) இருந்தால் அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும். சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: என் தம்பி வீட்டிலேயே மாற்றிக் கொடுத்தான். இப்போது முன்பக்கம் விறைப்பாக இருக்கிறது, அமுங்கினால் உடனே எழுவதில்லை. ஓட்டலாமா?

சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள் தங்கச்சி. இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லை. தம்பி அச்சு நட்டையும், பாட்டத்தின் அடியில் அச்சைக் கவ்வும் பக்க போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கியிருப்பார். பக்க போல்ட்டையும் மட்கார்டு போல்ட்டுகளையும் இளக்கச் சொல்லுங்கள். அச்சு நட்டை இறுக்கியபின் மோட்டாரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை ஐந்தாறு தடவை பலமாக அமுக்கினால் கால்கள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே தேடிக்கொள்ளும். அதன்பிறகுதான் பக்க போல்ட், கடைசியாக மட்கார்டு.

டிரம் பிரேக் வண்டியென்றால் இன்னொன்றும் பாருங்கள், இதில் உயிர் இருக்கிறது. பிரேக் தட்டில் ஒரு பள்ளம், பாட்டத்தின் உள்பக்கம் ஒரு மேடு. மேடு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் தட்டும் சக்கரத்தோடு சுற்றி, கேபிளை அறுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

டிஸ்க் வண்டியென்றால் நகர்த்துமுன் பிரேக் லீவரை கெட்டியாகும்வரை அமுக்குங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது பேட் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் இரண்டு அமுக்கில் ஒன்றும் பிடிக்காது. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த நானே இதை ஒருநாள் மறந்து, வாசலிலிருந்து நேராகப் பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் போய் நின்றேன்.

ஜெலுத்தோங்: வடித்த எண்ணெயை என்ன செய்வது?

லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். பயன்படுத்திய மசகு எண்ணெய் நம் நாட்டில் எஸ்.டபிள்யூ 305 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. பழைய எண்ணெயைச் சேர்த்துவைக்கும் பட்டறைகள் இருக்கின்றன, உங்கள் பக்கத்துப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வைப்பதானால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள், சமையலறைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.