ஐப்பசிச் சாலையில் வண்டி ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 29. திருத்துறைப்பூண்டியில் வேலை. 110 சிசி மோட்டார் சைக்கிளில் போக வர தினமும் ஐம்பது கிலோமீட்டர். பாதிக்கு மேல் கிராமச் சாலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். போன வாரம் காலையில் ஆற்றங்கரை வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி அப்படியே படுத்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பினேன். அன்று மழைகூட இல்லை. 'முன் பிரேக்கைத் தொடாதே', 'மழைக்காலத்தில் டயர் காற்றைக் குறை', 'டயரை மாற்று' என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மார்கழி வரை பஸ்ஸில் போ என்கிறார் அம்மா. எங்கள் ஊர் வழியாக வருவதோ இரண்டே பஸ். நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: சிராய்ப்போடு போனதில் எனக்கும் நிம்மதி, தம்பி. 'அன்று மழைகூட இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது. அடுத்த முறை அந்த வளைவைக் கடக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். முப்பது நாற்பது அடிக்குள் வயலில் இறங்கும் வழி ஒன்று இருக்கும். சம்பா நடவுக்குச் சேறடித்த டிராக்டர் அங்கேதான் சாலையில் ஏறுகிறது. சக்கர இடுக்குகளில் அப்பிய களிமண், வேகம் கூடக் கூடத் தார்மேல் துண்டு துண்டாக உதிரும். பின்னால் வரும் நான்கு வண்டிகள் அதை மிதித்துத் தகடாக்கிவிடும். வெயில் ஏறியபின் அது வெறும் தூசு. விடியற்காலைப் பனி பட்டிருந்தால் சோப்புக்கட்டி. விரலால் தொட்டுப் பாருங்கள்: மேலே காய்ந்த சாம்பல் நிறம், அழுத்தினால் உள்ளே வழவழப்பு. காவிரிப் படுகையின் வண்டல் நெல்லுக்கு எவ்வளவு நல்லதோ, இரு சக்கரத்துக்கு அவ்வளவு பொல்லாதது.

'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பார்கள். தமிழகத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது எல்லோரும் தாமாகவே மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். மழை விட்டு, வானம் வெளுத்து, 'சாலை காய்ந்துவிட்டது' என்று நம்பி முறுக்குகிற காலை வேளைதான் எனக்குக் கவலை. நீங்கள் போகும் ஐம்பது கிலோமீட்டரில் தரை ஏழெட்டு முறை மாறுகிறது: காய்ந்த தார், மர நிழலில் காயாத தார், பாசி பிடித்த சிமென்ட் சாலை, பெயர்ந்த ஜல்லி, டிராக்டர் சேறு, காயவைத்த நெல், தரைப்பாலத்து வண்டல். ஒவ்வொன்றிலும் டயரின் பிடி வேறு. ஆகவே என் பதில் இதுதான்: தரை மாறுகிற இடத்தைத் தூரத்திலேயே கண்டுகொள்ளுங்கள், அதை அடைவதற்குள், வண்டி நேராக நிமிர்ந்து நிற்கும்போதே, பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். டயர், காற்று என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டயருக்குத் தரைமேல் இருக்கும் பிடியை ஒரு மரக்கால் நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்புவதற்கே அரை மரக்காலை அளந்து கொடுத்துவிட்டால், பிரேக்குக்கு மிச்சம் அரைதான். சேற்றின்மேல் அந்த மரக்காலே ஒரு படியாகச் சுருங்கிவிடும். அதிலிருந்து திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும் என்றால் டயர் எங்கே போகும்? நீங்கள் வளைவுக்குள் சாய்ந்த பிறகு டிராக்டரைப் பார்த்திருக்கிறீர்கள். பதறிப்போய் மிதித்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் புது டயர் போட்ட வண்டியும் படுத்திருக்கும்.

வேகக் கணக்கையும் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. 60-இல் 17 மீட்டர். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். அதன் பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம், 40-ஐவிட 60-இல் இரண்டே கால் மடங்கு. எதிரே வருவது தெரியாத ஆற்றங்கரை வளைவுக்கு 30 போதும். ஐம்பது கிலோமீட்டரில் இப்படிப் பத்து இடம் இருந்தாலும், வேகம் குறைப்பதால் நீங்கள் வேலைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகாது.

இனி, முன் பிரேக். 'தொடாதே' என்று சொன்னவர்கள் உங்கள் நன்மைக்காகவே சொல்லியிருப்பார்கள். ஆனால் அது தவறான அறிவுரை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. நல்ல தாரில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்களின் வண்டி பட்டறைக்கு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்: பின் டயரைச் சுழற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் பட்டன், அதாவது டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், தட்டையாகத் தேய்ந்திருக்கும். சக்கரம் சுற்றாமல் இறுகிப்போய்த் தாரில் இழுபட்ட தழும்பு அது. உங்கள் டயரிலும் தேடிப் பாருங்கள். நேரான சாலையில், வண்டி நிமிர்ந்திருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டுங்கள். வெடுக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையான வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் அமைப்போ, சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வண்டி அதற்குப் பிறகு வாங்கியது என்றால், பெரும்பாலும் சிபிஎஸ்தான் இருக்கும். அதில் பின் பெடலை மிதித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். தாரில் இது நன்மை. சேற்றின்மேல், 'பின் பிரேக்தானே' என்று மிதித்தாலும் முன் சக்கரம் வழுக்கக்கூடும். எனவே சேறு கண்ணில் பட்டதுமே ஆக்ஸிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, சேற்றுக்குள் நுழையும் முன் வேகத்தை இறக்கிவிடுங்கள். உள்ளே போனபின் பிரேக்கையும் தொடாதீர்கள், ஆக்ஸிலேட்டரையும் திடீரென்று முறுக்காதீர்கள். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

எதிரே டிராக்டரோ அறுவடை இயந்திரமோ வந்தால் ஓடிக்கொண்டே தாரைவிட்டு மண்ணில் இறங்காதீர்கள். ஆற்றங்கரைச் சாலையில் மழைநீர் ஓரத்தை அரித்திருக்கும். பார்வைக்குப் புல், மிதித்தால் பள்ளம். தாருக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரல் உயரம் இருந்தால் திரும்ப ஏறும்போது டயர் விளிம்போடு உரசி வண்டியைக் கவிழ்த்துவிடும். தாரின் ஓரத்திலேயே நின்று, கால் ஊன்றி, அவரைப் போகவிடுங்கள்.

நெல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறுவை அறுவடை முடியும் நேரத்தில் மழை தொடங்கிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி; மழை மிகுந்த ஆண்டுகளில் சிறிது தளர்த்துவதும் உண்டு. வீட்டு வாசலும் களமும் சேறாகக் கிடக்கும்போது விவசாயிக்கு வெயில் படும் ஒரே காய்ந்த இடம் தார்ச் சாலைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலர்களம் போதுமான அளவு இருந்தால் யாரும் தம் நெல்லை லாரிச் சக்கரத்தில் மிதிபட விடமாட்டார்கள். ஆனால் தாரில் பரவிய நெல்லின்மேல் டயர் ஏறினால் ஒவ்வொரு மணியும் பேரிங் குண்டாக உருளும். பாதிச் சாலையில் நெல் இருந்தால் மறுபாதியில் எதிரே யாரும் வராத நேரம் பார்த்து நிதானமாகக் கடந்து செல்லுங்கள். நெல்மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நேராக, பிரேக் தொடாமல், நடை வேகத்தில்.

பகலில் இது சிரமம், இரவில்தான் ஆபத்து. மாலையில் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கருங்கல்லும் செங்கல்லும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கறுப்புச் சாலையில் கறுப்புத் தார்ப்பாய். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும். ஏழரைக்கு வீடு சேரும் நீங்கள் திரும்பும் வழி முழுவதையும் இருட்டில் கடக்கிறீர்கள். காலையில் போகும்போதே எந்த இடத்தில் நெல் காய்கிறது, எந்தப் பக்கம் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாலையிலும் குவியல் அங்கேதான் இருக்கும். மாடுகளும் அப்படித்தான். ஈரத்தில் படுக்கப் பிடிக்காமல், காய்ந்து கதகதப்பாக இருக்கும் தாருக்கு வந்துவிடும். நேற்று படுத்த இடத்திலேயே இன்றும் படுத்திருக்கும்.

ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் எதுவோ, அதுவே இரவு வேகம். எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தால் பார்வையைச் சாலையின் இடது விளிம்புக்கு இறக்கி, வேகத்தைக் குறையுங்கள். ஹெல்மெட்டின் கண்ணாடி கறுப்பு நிறமாக இருந்தால் இன்றே வெள்ளைக் கண்ணாடிக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, வார் பூட்டு இரண்டும் சரியாக இருக்கட்டும். மழைக்கோட்டு கறுப்பு, நீலம் வேண்டாம். மஞ்சளோ ஆரஞ்சோ வாங்கி, முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். விளக்கில்லாத டிரெய்லர் உங்களுக்கு முன்னால் நிற்பதுபோல, நீங்களும் பின்னால் வருகிற லாரிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

டயர் விஷயம். பக்கவாட்டில் சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் இடுக்கில் சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு தாண்டிய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது.

காற்றைக் குறைக்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் மூடிக்கொள்ளும். வளைவில் வண்டி நெளியும். குழியில் இறங்கினால் ரிம் அடிபடும். எவ்வளவு என்பது வண்டியிலேயே செயின் கவர் அருகே ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல். வாரம் ஒரு முறை, வண்டி சூடாகாத காலையில் பாருங்கள்.

நனைந்த நாளில் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அதிலுள்ள கசடு செயினைத் தின்றுவிடும். டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மூன்று பிடியில் பிடிக்காது. மெதுவாகப் போகும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டபடி சற்றுத் தூரம் ஓட்டினால் சூட்டில் உலர்ந்துவிடும். மழை விட்டதும் இதைச் செய்யாமல் வேகமெடுக்காதீர்கள்.

அம்மாவின் பேச்சில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறது என்றால், அது கணுக்கால் அளவே இருந்தாலும், அன்று அந்த வழி இல்லை. ஓடுகிற தண்ணீர் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கீழே பாலம் அரித்துப்போயிருந்தாலும் மேலிருந்து தெரியாது. அந்த நாட்களில் சுற்றுவழி, அல்லது பஸ், அல்லது விடுப்பு. மற்ற நாட்களில் நீங்கள் வண்டியில் தாராளமாகப் போகலாம். வீட்டைவிட்டுப் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். கிளம்பும்போதும் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, மழை இல்லாவிட்டால், ஊர்ப் பள்ளி மைதானம்போல ஆளில்லாத ஓர் இடத்துக்கு வண்டியை எடுத்துச் செல்லுங்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு செங்கல்லை அடையாளமாக வையுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, செங்கல்லைத் தாண்டும்போது இரண்டு பிரேக்கையும் பிழிந்து நிறுத்துங்கள். நின்ற இடத்தில் காலால் ஒரு கோடு கிழியுங்கள். பத்து முறை. டயர் தேய்த்து இழுபடும் சத்தம் கேட்டால் அடுத்த முறை சற்றுக் குறைவாக அழுத்துங்கள். கோடுகள் செங்கல்லை நெருங்கி வந்துகொண்டே இருக்கும். உங்கள் விரல்களும் பிரேக்கின் அளவைக் கற்றுக்கொள்ளும். பிறகு 30-இல் அதையே செய்து பாருங்கள். திங்கட்கிழமை அந்த வளைவுக்கு முன்னால் உங்கள் கை தானாகவே அந்த அளவைத் தேடும்.