மனைவி மண்டபம் அகதிகள் முகாமில் பதிவானவர். தொண்டு நிறுவனம் மூலம் இலவசமாக வழக்குப் போட்டுக் குடியுரிமை வாங்க முடியுமா?

கேட்டவர் தங்கச்சிமடத்துக்காரர். மனைவி இலங்கைத் தமிழர், மண்டபம் முகாமில் பதிவு உள்ளவர், இரண்டு பிள்ளைகள். போதாததற்கு மனைவியின் தம்பி இலங்கை மன்னாரிலிருந்து படகேறப் பார்க்கிறாராம். எந்த அமைப்பிடம் போவது, செலவு எவ்வளவு ஆகும் என்பது கேள்வி.

வழக்கு கடைசிப் படி. அதற்கு முன்னால் ஒரு தேதி தெரிய வேண்டும்: உங்கள் மனைவி எங்கே, எந்தத் தேதியில் பிறந்தார்? இதற்குப் பதில் சொல்லாமல் எந்த அமைப்பும் உங்களுக்கு உருப்படியான யோசனை தர முடியாது. இதைக் கேட்காமலே "முடித்துத் தருகிறோம்" என்று சொல்பவர் இருந்தால், அவர் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இரண்டு கோடுகளைப் போடுகிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை. அன்று முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்றுதான் குறிக்கிறது.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களில், 1984 முதல் 1987 நடு வரை மண்டபத்திலேயே பிறந்த குழந்தைகள் கணிசம். உங்கள் மனைவி அந்த வரிசையில் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே கூடாது. விண்ணப்பிப்பது என்றாலே "நான் வெளிநாட்டவர்" என்று எழுதிக் கொடுப்பதுதான். அவர் செய்ய வேண்டியது பிறப்புச் சான்றை வைத்து நேராக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. மறுத்தால் அந்த மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவது. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்து திருச்சி முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு 2022 ஆகஸ்டில் இப்படித்தான் பாஸ்போர்ட் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

மனைவி 1987 ஜூலைக்குப் பிறகு முகாமில் பிறந்தவர், பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் பிறப்புவழி இல்லை. இந்தியரை மணந்து ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் அதே சட்டத்தின் 5(1)(சி) பிரிவில் குடிமகளாகப் பதிவு கேட்கலாம், ஆனால் சட்டவிரோதக் குடியேறிக்கு அந்தப் பிரிவு மூடியிருக்கிறது. இங்கேதான் நல்ல வக்கீலுக்கு வேலை. அந்த வரையறை "இந்தியாவுக்குள் நுழைந்தவர்" என்று தொடங்குகிறது. இங்கேயே பிறந்த பிள்ளை எங்கிருந்து நுழைந்தது என்று வாதிட இடமிருக்கிறது. இன்னொரு முட்டுக்கட்டை, விண்ணப்பத்தோடு செல்லத்தக்க வெளிநாட்டுக் கடவுச்சீட்டு கேட்பார்கள். அது வேண்டுமானால் முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். ஒரு நாட்டுக் குடியுரிமைக்காக இன்னொரு நாட்டுக் குடியுரிமையை முதலில் நிரூபிக்க வேண்டிய வேடிக்கை இது. அவசரப்பட்டு அதில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் கேளுங்கள்.

மனைவி இலங்கையில் பிறந்து படகில் வந்தவர் என்றால், இன்றைய சட்டத்தில் பதிவு வழியும், நீண்டகாலம் வசித்ததை வைத்துக் குடியுரிமை கேட்கும் வழியும் அடைபட்டவை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இல்லை. ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் பாருங்கள்: அவர் மலையகத் தமிழரா, அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து இலங்கை போனவர்களின் வம்சமா? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. 1974இல் மேலும் 75,000 பேர். பெற்றோரோ தாத்தாவோ அந்தக் கணக்கில் விண்ணப்பித்ததற்கான பழைய தாள், இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துப் பதிவு ஏதாவது ஒன்று கிடைத்தால் விஷயமே வேறு. மதுரைக் கிளை 2019 ஜூனில் இப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவும் மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்கவும் உத்தரவிட்டது. தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தாய் படகில் வந்தவர் என்றால், தகப்பன் இந்தியர் என்பது மட்டும் போதாது. ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட் விசாரணையின்போதுதான் வெடிக்கும். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 5(4) பிரிவு, விசேஷ சூழ்நிலை இருப்பதாகத் திருப்திப்பட்டால் எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்கிறது. பிள்ளைக்கு 18 நிரம்புவதற்குள் கேட்க வேண்டிய வழி இது. நீங்கள் முதலில் பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

இனி காகிதம். தொண்டு நிறுவனங்களின் சட்ட உதவியில் முக்கால்வாசி இந்த வேலைதான். நீதிமன்றத்தில் தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

பெயர் முதல் சிக்கல். இலங்கைத் தாள்களில் "கந்தையா மகேஸ்வரி" என்று தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். முகாம் அட்டையில் "க. மகேஸ்வரி". பள்ளிச் சான்றில் "மகேஸ்வரி க". கணினிக்கு இவை மூன்று பேர். தேதி அடுத்த சிக்கல். கரையேறிய அன்று பசியும் பயமுமாக நிற்பவர் சொன்ன வயதை வைத்து "வயது 12" என்று எழுதி, பிறகு யாரோ ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள்.

இலங்கை அடையாள அட்டை இருந்தால் அதை உடனே சரிபார்க்கலாம். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 79565 என்று தொடங்கினால் 1979இல் 65ஆம் நாள் பிறந்த பெண். இதில் ஒரு நுணுக்கம்: பிப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாள் என்றே அவர்கள் கணக்கு. அதனால் 65 என்பது மார்ச் 5. சாதாரணக் காலண்டரில் எண்ணினால் மார்ச் 6 வரும், "தேதி பொருந்தவில்லை" என்று ஃபைலில் குறிப்பு ஏறிவிடும். முகாம் பதிவேட்டில் உள்ள தேதி இந்த எண்ணோடு முரண்பட்டால், எந்த மனுவும் போடுமுன் அதைத் திருத்த தாசில்தாருக்கு எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் பிறந்தும் பதியாமல் விட்ட பிறப்புக்கு வழி நேரானது, மெதுவானது. 21 நாளுக்குள் தகவல் தர வேண்டும்; ஓராண்டு கடந்துவிட்டால் பதிவாளரால் தானாகப் பதிய முடியாது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு தேவை. பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்கி, ஆஸ்பத்திரிக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு, முதல் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, முகாம் பதிவேட்டு நகல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட தாளுக்கே மதிப்பு. நேற்று நோட்டரியிடம் போட்ட பிரமாணப் பத்திரம் பத்து இருந்தாலும் ஒரு பழைய ஞானஸ்நான ஏட்டுக்கு ஈடாகாது. உங்கள் திருமணமும் பதிவாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

எங்கே போவது? 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் பிறப்புப் பதிவு, இலங்கைக் குடியுரிமைச் சான்று வேலைகளில் நீண்ட அனுபவம் உள்ளது. யேசு சபையின் அகதிகள் பணி அமைப்பும் முகாம்களோடு பழக்கமுள்ளது. தாள்களைச் சேர்க்க, எங்கே முரண் என்று கண்டுபிடிக்க இப்படிப்பட்ட இடமே சரி. வழக்கு நடத்தச் சொன்னால் பல அமைப்புகள் தயங்கும், அதற்குக் காரணமும் உண்டு. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு, அந்த நிதிக்கான சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும், அந்த நிதியை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. சட்டக் கட்டணம் அந்த நிர்வாகத் தலைப்பில் விழுகிறது. கைவிரிக்கிறார்களே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீலுக்கு ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி 15100. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்கள், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருகிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. "அகதிக்குக் கிடையாது" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் தானாக மாறும்.

உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் கிடைப்பது "இவர் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலியுங்கள்" என்ற உத்தரவு. ஆகவே முதலில் ஒரு மனு கொடுத்திருக்க வேண்டும்: கலெக்டருக்கும் உரிய துறைக்கும், ஒப்புகை அட்டையுடன் தபாலில். அந்த அட்டை இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் முதல் நாளே "மனு கொடுத்தீர்களா?" என்ற கேள்வியில் நின்றுபோகும்.

இதற்கிடையில் மனைவியின் முகாம் பதிவு அறுந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 1இல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து, பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழருக்கு இந்தத் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு என்பது குடியுரிமை ஆகாது, ஆனால் "பதிவு" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்களோடு தங்கச்சிமடத்தில் இருக்கிறார், முகாமில் ஆள் சரிபார்க்கும் ரோல் காலுக்கு மட்டும் பாம்பன் பாலம் தாண்டிப் போகிறார் என்றால் ஒருநாள் தவறினாலும் உதவித்தொகை நிற்கலாம், பெயரும் அடிபடலாம். வெளியில் வாழ்வதென்றால் முறையாகக் கேட்டு, காவல் நிலையத்தில் வெளிப்பதிவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஆதாரை வைத்து பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் பக்கம் போக வேண்டாம். ஆதார் குடியுரிமைக்குச் சான்றில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பிறந்த ஊரை மாற்றிப் போட்டு வாங்கும் பாஸ்போர்ட்டுக்குப் புதிய சட்டத்தில் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. ஐ.நா. அகதி அட்டை எடுத்துத் தருகிறேன் என்பதும் ஏமாற்று. இலங்கைத் தமிழரைப் பதிவது தமிழ்நாடு அரசுதான்.

மைத்துனர் வருவதை இப்போதைக்குத் தடுத்து நிறுத்துங்கள். அந்த விலக்கு அவருக்கு இல்லை. படகோட்டிகள் பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் ஏதாவது மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்; தண்ணீரும் நிழலும் இல்லாத இடம். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் முதலில் வந்தவர்கள் கைதாகி சிறைக்குப் போய், பிறகே மண்டபத்துக்கு வந்தார்கள்.

அதையும் மீறி வந்து மெரைன் போலீஸ் பிடியில் இருந்தால்: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ரிமாண்டின்போதே இலவச வக்கீல் கேட்கச் சொல்லுங்கள். சிறைக்குப் போய்விட்டால் வக்காலத்தில் சிறை அதிகாரியின் சான்றொப்பம் வேண்டும், அதற்கே ஓரிரு நாள் போகும். ஜாமீன் உத்தரவு வந்த பிறகு உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. வீட்டுவரி ரசீது உள்ள இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வையுங்கள், அல்லது சொந்தப் பிணையில் விடும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

செலவு: ஆணைக்குழு வக்கீலுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. நகல், மொழிபெயர்ப்பு, நோட்டரி, மதுரைக்கும் சென்னைக்கும் போய்வரும் பஸ் செலவு, இவை மட்டும் உங்கள் கையிலிருந்து. சிங்களத்தில் உள்ள பிறப்பு அத்தாட்சிக்குச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதால் அதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அசல் தாளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள்.