பெரியகடையின் கதையை எங்கே தேடுவது?

அன்பின் ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். மத்திய வீதியையும் பெரியகடைப் பக்கத்தையும் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத ஆசை. ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கோணேசர் கோயில், கோட்டை, துறைமுகம், எண்ணெய்க் குதங்கள்தான். கடைத்தெருவுக்கு ஒரு பந்திகூட இல்லை. "நேவிக்காரனால் வந்த கடைகள், அவன் போனதோடு கதை முடிஞ்சுது, இதில எழுத என்ன இருக்கு?" என்கிறார்கள். அது சரியா? சரியில்லை என்றால் நான் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, உவர்மலை

அன்பின் மகளுக்கு,

கட்டாயம் எழுதுங்கள். உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நேவியின் பங்கைக் குறைத்துப் பேச முடியாது. 1795இல் பிரித்தானியர் கோட்டையைப் பிடித்தார்கள். 1957 ஒக்டோபரில்தான் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தார்கள். அந்தக் காலத்தில் டொக்யாட் (கப்பல் பட்டறை) சம்பளம் கடைத்தெருவில் புழங்கியது. கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுத்தவர்கள், தையல்காரர், சலவைக்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர் என்று அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. ஆனால் அந்த வருமானம் ஒரே சீராக வந்ததில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது சனம் ஊரைவிட்டு ஓடியது. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை கென்யாப் பக்கம் ஒதுங்கி, 1944இல்தான் திரும்பி வந்தது. போர் முடிந்து பதின்மூன்று வருடத்துக்குள் தளமும் கைமாறியது.

கடைத்தெரு நேவியை மட்டும் நம்பியிருந்தால் 1957க்குப் பிறகு பூட்டிக் கிடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஏன் என்பதற்கு வரைபடத்தைப் பாருங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுங்கிய நிலத்தில் நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் வெளிக்கடல். தெற்கே கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் மூதூர். தென்மேற்கே கிண்ணியா, அதற்கும் உள்ளே தம்பலகாமத்து வயல்கள். வடக்கே நிலாவெளி, குச்சவெளி. இத்தனை ஊருக்கும் பெரிய சாமான் வாங்கும் இடம் இந்த நான்கைந்து தெருக்கள்தான். மூதூர்ச் சனம் லாஞ்சில் வந்தது. கிண்ணியாச் சனம் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வந்தது. நெல், தயிர் முட்டி, கருவாடு இந்தப் பக்கம் வரும். சீலை, மண்ணெண்ணெய், சவர்க்காரம், கலியாண நகை அந்தப் பக்கம் போகும். நெல் விற்ற காசு கைக்கு வரும் மாதத்தில்தான் புடவைக்கடைக்காரருக்கு உயிர் வரும். தமிழ் முதலாளியிடம் முஸ்லிம் விவசாயிக்குக் கடன் கொப்பி, முஸ்லிம் கடையில் தமிழ்க் குடும்பத்துக்குக் கடன் கொப்பி, சிங்கள மீனவருக்கும் அப்படியே. வயல் விளையாத வருடம் அந்தக் கொப்பிகளில்தான் முதலில் தெரியும். என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இந்தத் தெருவை நிற்கவைத்தது குடாவின் அக்கரை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இந்தக் கணக்கு எப்படி மாறியது என்பது தனி அத்தியாயம். பாலத்தால் வாடிக்கையாளர் வருவது சுலபமானதா, அல்லது அக்கரையிலேயே கடைகள் வளர்ந்துவிட்டனவா? இரண்டு பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள்.

அடுத்தது ஆதாரம். கடைகளின் ஐந்தொகைப் புத்தகங்களைத் தேடித்தான் எல்லாரும் முதலில் போவார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள். 1983 ஜூலையில் கடைகள் எரிந்தன. 2006 ஏப்ரல் 12, புத்தாண்டுச் சாமான் வாங்கச் சனம் கூடியிருந்த நேரம், சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து மறுபடி கடைகளைக் கொளுத்தினார்கள். மனிதர்களும் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே மனம் கூசுகிறது. ஆனாலும் ஒரு தெருவின் ஞாபகம் அதோடு எரிந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நெருப்பு தொடாத ஒன்று இருக்கிறது: காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். கடையில் இருந்த பிரதி எரிந்திருக்கும். ஆனால் நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்டத்தரணி) எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதியின் கடைசியில் அட்டவணை இருக்கும், அதில் நாலு எல்லை: வடக்கே இன்னாருடைய கடையும் நிலமும், கிழக்கே வீதி, தெற்கே இன்னாருடைய வளவு என்று. ஒரு உறுதி கிடைத்தால் பக்கத்துக் காணிக்காரரின் பெயர்களும் கூடவே கிடைக்கின்றன. அவர்களுடைய உறுதிகளைத் தேடுங்கள், இன்னும் இரண்டு பெயர் வரும். இப்படியே நகர்ந்தால் ஒரு வருடத்துத் தெருவை வரிசையாக வரைந்துவிடலாம். பிறகு இருபது வருடம் தள்ளி இன்னொரு வரைபடம். எந்தக் கடை எப்போது விற்கப்பட்டது, விற்றவர் ஊரைவிட்டுப் போனாரா, அவசரத்தில் விற்றாரா என்ற கேள்விகள் அங்கேதான் கிளம்பும். பழைய நகரசபையின் சோலைவரி (கட்டட வரி) இடாப்புகளையும் கேட்டுப் பாருங்கள்.

உறுதியில் வாடகைக்காரர் வரமாட்டார். தெருவை நடத்தியவர்களில் பாதிப் பேர் வாடகைக்கு இருந்தவர்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் கல்லூரிகள் வெளியிட்ட மலர்களில் (சஞ்சிகைகளில்) கிடைப்பார்கள். விளம்பரப் பக்கங்களைத்தான் சொல்கிறேன்: கடையின் பெயர், விலாசம், என்ன விற்றார்கள், எல்லாம் அச்சான வருடத்தோடு இருக்கும். கோயில் உபயகாரர் பலகை, பழைய கடைக் கலண்டர், சில வீடுகளில் தாலிக்கொடி வாங்கிய பற்றுச்சீட்டுக்கூட இன்னும் கிடக்கிறது.

"அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமை" என்று பலர் சொல்வார்கள். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். கடை எரிந்தபோது சாமானை யார் வீட்டில் ஒளித்துவைத்தார்கள், திரும்பி வந்தபோது யார் கடன் கொடுத்தார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு கடையின் உறுதியைப் பாருங்கள். அந்த நாலு எல்லையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரர்களில் சிலர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கலாம். அவர்களிடம் நானே பேசித் தருகிறேன்.