அப்பாவின் ஆதார் கடை கம்ப்யூட்டரில் கிடக்கிறதே!

கேள்வி: அப்பாவின் ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து, ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் யார் யாருடைய ஆதார், பான் படங்களெல்லாமோ திறந்தபடி கிடந்தன. அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: பயம் நியாயமானதுதான், ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதார் எண் தெரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. ஓடிபி வேண்டும், இல்லையென்றால் விரல் ரேகை வேண்டும். இந்த விரல் ரேகை விஷயத்தில்தான் கவனமாக இருக்கச் சொல்வேன். வங்கி முகவர்கள் வைத்திருக்கும் கையடக்க மெஷினில் ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி, விரலை வைத்தால் பணம் வந்துவிடும், ஓடிபி கேட்காது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படிப் பணம் திருடிய வழக்குகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

அதனால் அப்பாவின் பயோமெட்ரிக்கை, அதாவது ஆதாரில் உள்ள விரல் ரேகை, கருவிழிப் பதிவுகளை, இன்றே லாக் செய்துவிடுங்கள். ஆதாரின் அதிகாரப்பூர்வ செயலியிலோ இணையதளத்திலோ செய்யலாம், செலவில்லை, ஆதாரில் பதிந்த மொபைல் கையில் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: லாக் இருக்கும்போது ரேஷன் கடையில் ரேகை வைத்தால் ஏற்காது, போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், உங்கள் போனில் அந்தப் படத்தை அழித்தாலும் கடைக்காரர் இறக்கி வைத்த கோப்பு அப்படியேதான் இருக்கும். நேரில் போய் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் அப்பாவின் அட்டை. அவர் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

அடுத்த முறை 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக் கொடுங்கள், அதில் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும். இறக்கிய ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெயரின் முதல் 4 எழுத்து, பிறந்த ஆண்டு, இவ்வளவுதான் அது, எல்லோருக்கும் தெரிந்த விதி. கணக்கிலிருந்து பணம் போனது போலத் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: துணிக்கடையில் மொபைல் எண் சொன்னால்தான் பில் என்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். எண் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "எண் தர விருப்பமில்லை, பில் மட்டும் போடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கேஷ் கவுன்டரில் மறுத்தால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.